‘இம்போர்ட்’ என்றதும் என்ன நடக்கிறது?



பகடையை உருட்டினால் 1 முதல் 6 வரை ஏதோ ஓர் எண் விழும். எந்த எண் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட ஒரு பகடையைக் கணிப்பொறியில் உருட்டிப் பார்க்க ஒரு மாணவி விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் மொழியில் அதற்கு வேண்டிய கருவி ஆயத்தமாகவே இருக்கிறது. ‘ராண்டம்’ என்ற மாட்யூலில் ‘ராண்ட்இன்ட்’ என்று ஒரு செயற்கூறு உண்டு. 1, 6 என்று இரண்டு எண்களைக் கொடுத்தால், 1 முதல் 6 வரை ஏதாவது ஒரு முழு எண்ணை அது திருப்பித் தரும். மாணவி எழுதிய நிரலில் மூன்றே வரிகள்:

பிரின்ட்("பகடை உருள்கிறது")
இம்போர்ட் ராண்டம்
பிரின்ட்(ராண்டம்.ராண்ட்இன்ட்(1, 6))

(பைத்தானின் சொற்களை இக்கட்டுரையில் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணிப்பொறியில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.)

நிரலில் பிழை ஏதும் இல்லை. இதை ஒரு கோப்பில் சேமிக்க வேண்டும். ராண்டம் மாட்யூலைப் பற்றிய பயிற்சிதானே என்று கோப்புக்கும் ‘ராண்டம்’ என்றே பெயர் வைத்தாள். கட்டளைத் திரையிலிருந்து நிரலை ஓட்டினாள். ‘பகடை உருள்கிறது’ என்ற வரி திரையில் இரண்டு முறை வந்தது! பகடை எண்ணோ வரவே இல்லை. ராண்டம் மாட்யூலில் ராண்ட்இன்ட் என்று ஒன்று இல்லை என்ற பிழைச் செய்தியுடன் நிரல் நின்றுவிட்டது.

அதே மூன்று வரிகளை ‘பகடை’ என்ற பெயரில் சேமித்து ஓட்டினால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வரி ஒரு முறைதான் வருகிறது, எண்ணும் கிடைக்கிறது. ஆகவே குறை நிரலின் வரிகளில் இல்லை, கோப்பின் பெயரில் இருக்கிறது. ஒரு பெயர் எப்படி நிரலைக் கெடுக்கும்? ஒரு வரி ஏன் இரண்டு முறை வர வேண்டும்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காண வேண்டுமானால், ‘இம்போர்ட்’ என்ற ஆணை உண்மையில் என்ன செய்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாட்யூல் என்பது என்ன?

பைத்தான் மொழியை உருவாக்கியவர் கைடோ வான் ரோசம் என்ற டச்சுக்காரர். நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித, கணிப்பொறி ஆய்வு நிலையம் ஒன்றில் பணியாற்றியபோது, 1989 டிசம்பரில் இவ்வேலையைத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் மொழி முதன்முதலாக வெளியிடப்பட்டது. பைத்தான் என்றால் மலைப்பாம்பு. ஆனால் மொழிக்குப் பெயர் வந்தது பாம்பினால் அன்று. ‘மான்ட்டி பைத்தான்’ என்ற ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவைக் குழுவினால்.

பெரிய நிரல் ஒன்றை ஒரே கோப்பில் எழுதினால் அது அனுமார் வால் போல நீண்டுவிடும். ஆகையால் வேலைகளைப் பிரித்துத் தனித்தனிக் கோப்புகளில் எழுதுகிறோம். இப்படி எழுதிய ஒவ்வொரு பைத்தான் கோப்பும் ஒரு மாட்யூல். வேறொரு கோப்பில் இருப்பதைப் பயன்படுத்த வேண்டுமானால் ‘இம்போர்ட்’ என்று எழுதி அதன் பெயரைச் சொல்கிறோம். இந்த ஏற்பாடு 1991இன் முதல் வெளியீட்டிலேயே இருந்தது.

இம்போர்ட் என்றால் அந்தக் கோப்பிலுள்ள வரிகளை அப்படியே எடுத்து நம் கோப்பில் ஒட்டிவிடுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியன்று. இம்போர்ட் என்ற ஆணையில் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. அவை தேடுதல், ஓட்டுதல், பெயரிடுதல். இம்போர்ட் காட்டும் வேடிக்கைகள் யாவும் இம்மூன்றில் ஏதாவது ஒன்றிலிருந்துதான் பிறக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வேலை: தேடுதல்

உங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ‘வெர்னியர் கொண்டு வாருங்கள்’ என்று உதவியாளரிடம் சொல்கிறீர்கள். அவர் முதலில் நீங்கள் நிற்கும் மேசையின் இழுப்பறையைத் திறந்து பார்க்கிறார். அங்கே இல்லையென்றால் அறையிலுள்ள பெரிய அலமாரியைப் பார்க்கிறார். அங்கும் இல்லையென்றால் பிறகு வாங்கிச் சேர்த்த கருவிகள் இருக்கும் அலமாரிக்குப் போகிறார். எங்கே ‘வெர்னியர்’ என்று சீட்டு ஒட்டிய பெட்டி முதலில் கண்ணில் படுகிறதோ, அதை எடுத்து வந்துவிடுகிறார். பெட்டிக்குள் இருப்பது வெர்னியர்தானா என்று திறந்து பார்ப்பதில்லை. உங்கள் இழுப்பறையில் யாரோ சாக்பீஸ் பெட்டி ஒன்றின்மேல் ‘வெர்னியர்’ என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தால், உங்கள் கைக்கு வருவது சாக்பீஸ்தான்.

பைத்தானும் இப்படித்தான் தேடுகிறது. சில மாட்யூல்கள் பைத்தானுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டவை. காலத்தை அளக்க உதவும் ‘டைம்’ அவற்றுள் ஒன்று. அவற்றைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு ஒரு தேடும் பட்டியல் உண்டு. அதன் பெயர் ‘சிஸ்.பாத்’. நாம் ஓட்டும் நிரல் எந்தக் கோப்புறையில் இருக்கிறதோ, அந்தக் கோப்புறைதான் பட்டியலில் முதலிடம் பெறுகிறது. பைத்தானுடன் கூடவே வரும் நூலக மாட்யூல்கள் இருக்கும் கோப்புறை அதற்குப் பின்னால் வருகிறது. நாமாகத் தனியே நிறுவிக்கொண்டவை அதற்கும் பின்னால்.

நம்முடைய கோப்புறைக்கு ஏன் முதலிடம்? நாம் எழுதிய கோப்புகள் ஒன்றையொன்று எளிதில் அழைக்க வேண்டும் என்ற வசதிக்காகத்தான். வசதி நல்லதுதான். ஆனால் நூலக மாட்யூல் ஒன்றின் பெயரை நம் கோப்புக்கு வைத்துவிட்டால், நூலக மாட்யூலை நம் கோப்பு மறைத்துவிடுகிறது. நிலவு நடுவில் வந்து சூரியனை மறைப்பது போல! சூரியன் எங்கும் போய்விடவில்லை. நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ராண்டம் மாட்யூலும் அதன் இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. தேடல் அங்கே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கிரகணத்தின் நிழல் அந்த ஒரு நிரலோடு நிற்பதில்லை. அதே கோப்புறையில் உங்கள் தம்பி வேறொரு நிரல் எழுதி வைத்திருக்கிறான் என்று கொள்வோம். அவன் ராண்டம் என்ற பெயரையே எழுதவில்லை; தற்காலிகக் கோப்புகளை உண்டாக்கும் ‘டெம்ப்ஃபைல்’ என்ற மாட்யூலைத்தான் அழைத்தான். ஆனால் டெம்ப்ஃபைல் தன் வேலைக்காக ராண்டமை அழைக்கிறது. அதற்கும் கிடைப்பது உங்கள் கோப்புதான்! தம்பியின் நிரல் நின்றுவிடும். எவ்வளவு நேரம் தன் வரிகளைப் பார்த்தாலும் அவனுக்குக் காரணம் தெரியாது.

இரண்டாம் வேலை: ஓட்டுதல்

கோப்பு கிடைத்ததும் பைத்தான் அதைத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஓட்டுகிறது. இதை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இம்போர்ட் என்பது வெறும் அறிவிப்பு அன்று. அழைக்கப்பட்ட கோப்பில் ‘அச்சிடு’ என்ற ஆணை இருந்தால், இம்போர்ட் செய்த அந்த நொடியிலேயே அது அச்சிடும். ‘கோப்பை அழி’ என்ற ஆணை இருந்தால் அழிக்கவும் செய்யும்!

ஆனால் ஒரே நிரல் நடக்கையில் ஒரு மாட்யூலைப் பத்து இடங்களில் அழைத்தாலும், அது ஓடுவது முதல் அழைப்பில் மட்டுமே. ஏனென்றால் பைத்தான் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதன் பெயர் ‘சிஸ்.மாட்யூல்ஸ்’. இம்போர்ட் என்றதும் பைத்தான் முதலில் பார்ப்பது இந்தப் பதிவேட்டைத்தான். பெயர் அதில் இருந்தால் தேடலும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் மாட்யூலையே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. இல்லையென்றால்தான் தேடப் புறப்படுகிறது.

இதைச் செய்து பார்க்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. பைத்தானை வரிக்கு வரி விடை சொல்லும் முறையில் திறந்துகொண்டு ‘இம்போர்ட் திஸ்’ என்று தட்டுங்கள். டிம் பீட்டர்ஸ் என்பவர் எழுதிய நிரல் கலைக்கான பொன்மொழிகள் 19 திரையில் ஓடும். அதையே இரண்டாம் முறை தட்டுங்கள். ஒன்றும் வராது! மாட்யூல் கெட்டுவிடவில்லை. பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது, ஆகவே மறுபடி ஓடவில்லை.

இணைய வசதி இருந்தால் ‘இம்போர்ட் ஆன்டிகிராவிட்டி’ என்றும் தட்டிப் பார்க்கலாம். ஆன்டிகிராவிட்டி என்றால் எதிர் ஈர்ப்பு. நீங்கள் நாற்காலியிலிருந்து மேலே எழும்பப் போவதில்லை. இயற்பியல் படித்த ராண்டல் மன்ரோ என்பவர் பைத்தானைப் பற்றி வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று உலாவியில் திறக்கும். இதுவும் முதல் முறைதான். படம் திறப்பது என்பது அந்த மாட்யூல் ஓடும்போது நடக்கும் செயல் அல்லவா?

பதிவேட்டினால் ஒரு தொல்லையும் உண்டு. நீங்கள் எழுதிய மாட்யூல் ஒன்றை அழைத்த பிறகு, கோப்பைத் திறந்து ஒரு பிழையைத் திருத்துகிறீர்கள். மூடிய பைத்தானைத் திறக்காமல் அதே சாளரத்தில் மறுபடியும் இம்போர்ட் என்று தட்டுகிறீர்கள். பழைய பிழை அப்படியே வருகிறது. கோப்பு திருந்திவிட்டது, பதிவேட்டில் இருப்பது திருந்துவதற்கு முன் ஓடிய மாட்யூல். பைத்தானை மூடிப் புதிதாகத் தொடங்குவதே இதற்கு நேரான வழி.

பகடைப் புதிர் விடுபடுகிறது

இப்போது மாணவியின் மூன்று வரிகளுக்கு வருவோம். அவள் ஓட்டியது ‘ராண்டம்’ என்ற கோப்பு. ஆனால் நாம் நேரடியாக ஓட்டும் நிரலுக்குப் பைத்தான் அதன் கோப்புப் பெயரைச் சூட்டுவதில்லை. ‘மெயின்’ என்ற சொல்லின் இரு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இட்டு, __மெயின்__ என்ற பெயரில் அதைப் பதிவேட்டில் எழுதுகிறது. மெயின் என்றால் தலைமை நிரல் என்று பொருள் கொள்ளலாம்.

இனி நடப்பதை வரிசையாகப் பாருங்கள்.

1. தலைமை நிரலின் முதல் வரி ஓடுகிறது. ‘பகடை உருள்கிறது’ என்று ஒரு முறை அச்சாகிறது.

2. இரண்டாம் வரி ராண்டமை அழைக்கிறது. பதிவேட்டில் __மெயின்__ என்ற பெயர்தான் இருக்கிறது, ‘ராண்டம்’ இல்லை. ஆகவே தேடல் தொடங்குகிறது.

3. தேடும் பட்டியலில் முதலிடம் மாணவியின் கோப்புறைக்கு. அங்கே ராண்டம் என்ற கோப்பு இருக்கிறது. ஆம், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அதே கோப்பு! பைத்தானுக்கு அது தெரியாது. ‘ராண்டம்’ என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அதை முதலிலிருந்து ஓட்டத் தொடங்குகிறது.

4. ‘பகடை உருள்கிறது’ என்று இரண்டாம் முறை அச்சாகிறது.

5. மறுபடியும் இரண்டாம் வரி வருகிறது, ராண்டமை அழைக்கிறது. இந்தத் தடவை பதிவேட்டில் பெயர் இருக்கிறது. ஆகவே தேடாமல், ஓட்டாமல், பாதி மட்டுமே ஓடி முடித்திருக்கும் அந்த மாட்யூலையே எடுத்துக் கொடுக்கிறது.

6. மூன்றாம் வரி அந்த மாட்யூலில் ராண்ட்இன்ட்டைக் கேட்கிறது. மாணவியின் கோப்பில் அப்படி ஒன்று ஏது? பிழைச் செய்தியுடன் நிரல் நிற்கிறது.

இரண்டு முறை அச்சானதற்கும் பிழை வந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. மூன்றாம் படியில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனித்தீர்களா? மாட்யூல் ஓடி முடிந்த பிறகு அதன் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதில்லை. ஓடத் தொடங்குவதற்கு முன்பே எழுதிவிடுகிறது. அப்படி எழுதியிராவிட்டால் என்ன ஆகும்? ராண்டம் ராண்டமை அழைக்கும், அது மறுபடி ராண்டமை அழைக்கும். எதிரெதிர்க் கண்ணாடிகளில் தெரியும் பிம்பங்கள் போல இதற்கு முடிவே இராது. முன்பே எழுதும் வழக்கம்தான் அச்சுற்றை அறுக்கிறது.

இத்தவறு உலகெங்கும் மாணவர்களுக்கு நேர்வதுதான். அதனால் 2024 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.13இல் பிழைச் செய்தியையே திருத்தி அமைத்தார்கள். ‘உங்கள் கோப்பின் பெயரும் நூலக மாட்யூலின் பெயரும் ஒன்றாக இருக்கின்றன, கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள்’ என்ற கருத்தில் அச்செய்தி இப்போது வழிகாட்டுகிறது.

மூன்றாம் வேலை: பெயரிடுதல்

தேடி, ஓட்டி முடித்தபின் மாட்யூலுக்கு நம் கோப்பில் ஒரு பெயர் வைக்க வேண்டும். இங்கே நடக்கும் வேடிக்கையில் பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே இதுதான் மற்றவற்றைவிட ஆபத்தானது.

பெயரிடுவதில் இரண்டு வகை உண்டு. ஆய்வகச் சுவரில் மாறிலிகளின் அட்டவணை ஒன்று தொங்குகிறது. ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று அதில் எழுதியிருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு கணக்குக்கும் தலையை நிமிர்த்தி அட்டவணையைப் பார்க்கலாம். இது ஒரு வகை. தொடக்கத்திலேயே ஒரு தடவை பார்த்து உங்கள் குறிப்பேட்டில் 9.8 என்று எழுதிக்கொண்டு, பிறகு குறிப்பேட்டை மட்டும் பார்க்கலாம். இது மற்றொரு வகை. அட்டவணை மாறாதவரை இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. யாராவது அட்டவணையை மாற்றிவிட்டால்?

செய்து பார்ப்போம். 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3 முதல், பெயர்களைத் தமிழிலேயே வைக்க முடிகிறது. ஆகவே கீழே உள்ள பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தட்டலாம். ஒரு புதிய கோப்புறையில் மூன்று கோப்புகளை உண்டாக்குங்கள்.

‘மாறிலி’ என்ற கோப்பில்:

பிரின்ட்("மாறிலி ஓடுகிறது")
ஈர்ப்பு = 9.8

‘ஊசல்’ என்ற கோப்பில்:

ஃப்ரம் மாறிலி இம்போர்ட் ஈர்ப்பு
டெஃப் காலம்(நீளம்):
    ரிட்டர்ன் 2 * 3.1416 * (நீளம் / ஈர்ப்பு) ** 0.5

தனி ஊசலின் அலைவு நேரத்திற்கு நீங்கள் படித்த வாய்பாடுதான் இது. 0.5 என்ற அடுக்கு வர்க்கமூலத்தைக் குறிக்கிறது.

‘சோதனை’ என்ற கோப்பில்:

இம்போர்ட் மாறிலி
இம்போர்ட் ஊசல்
பிரின்ட்(ஊசல்.காலம்(1))
மாறிலி.ஈர்ப்பு = 1.62
பிரின்ட்(ஊசல்.காலம்(1))

சோதனையை ஓட்டுங்கள். 1 மீட்டர் நீளமுள்ள ஊசலை முதலில் பூமியிலும், பிறகு நிலவிலும் ஆட்டிப் பார்க்கிறோம். நிலவில் ஈர்ப்பு முடுக்கம் 1.62 தான், ஊசல் மெதுவாக ஆட வேண்டும். ஆனால் திரையில் வருவது என்ன? ‘மாறிலி ஓடுகிறது’ என்பது ஒரு முறை. இரண்டு கோப்புகள் அழைத்தும் ஒரு முறைதான். காரணம் உங்களுக்குத் தெரியும். பிறகு ஏறத்தாழ 2.007 வினாடி. அடுத்ததும் அதே 2.007 வினாடி! நிலவுக்குப் போயும் ஊசல் பூமியில் ஆடுவது போலவே ஆடுகிறது.

‘ஃப்ரம் மாறிலி இம்போர்ட் ஈர்ப்பு’ என்பது குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் வகை. ஊசல் என்ற கோப்பு 9.8 என்பதைத் தன் சொந்தப் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டது. பின்னர் அட்டவணையில் 1.62 என்று மாற்றியது அதன் குறிப்பேட்டுக்குத் தெரியாது.

இப்போது ஊசல் கோப்பில் முதல் வரியை ‘இம்போர்ட் மாறிலி’ என்றும், வாய்பாட்டில் ‘ஈர்ப்பு’ என்று இருப்பதை ‘மாறிலி.ஈர்ப்பு’ என்றும் மாற்றுங்கள். இது ஒவ்வொரு முறையும் அட்டவணையை நிமிர்ந்து பார்க்கும் வகை. மறுபடி ஓட்டினால் முதலில் 2.007, பிறகு 4.937 வினாடி வரும். நிலவில் ஆடும் ஊசலுக்கு இதுவே சரியான விடை.

அப்படியானால் இரண்டாம் வகைதான் எப்போதும் சிறந்ததா? அவசரப்பட வேண்டாம். இதே அட்டவணையை மூன்றாவதாக ஒரு நிரலும் பார்க்கிறது என்று கொள்வோம். 20 மீட்டர் உயரத்திலிருந்து போட்ட பந்து தரையைத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்று அது கணக்கிடுகிறது. பூமியில் விடை 2.02 வினாடி. சோதனை நிரல் அட்டவணையை 1.62 ஆக்கிவிட்டுத் திருப்பி வைக்க மறந்துவிட்டால், அதன் பின் இக்கணக்கு 4.97 வினாடி என்று சொல்லும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பதிவேட்டில் மாறிலி என்பது ஒன்றே ஒன்று. அழைத்த எல்லோரும் பார்ப்பது அதே ஒன்றைத்தான். ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறும்.

நிரல் நின்றுபோனால் நல்லது. குறை இருப்பது நமக்குத் தெரிந்துவிடும். நிற்காமல் ஓடித் தவறான விடை தந்தால் அதை நம்பிவிடுவோம். இந்த நிலை வராமலிருக்க எளிய வழி ஒன்று உண்டு. மாறக்கூடிய அளவு எதுவாயினும், அதைச் செயற்கூற்றுக்கு வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். காலம்(நீளம்) என்பதற்குப் பதிலாகக் காலம்(நீளம், ஈர்ப்பு) என்று எழுதினால், பூமிக்குக் காலம்(1, 9.8) என்றும் நிலவுக்குக் காலம்(1, 1.62) என்றும் கேட்போம். எந்த இடத்து ஈர்ப்பைக் கொண்டு கணக்கிட்டோம் என்பது அந்த வரியிலேயே தெரியும். செய்முறைத் தேர்வில் எடுத்துக்கொண்ட மதிப்புகளை முதலில் எழுதச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

பெயரை மட்டும் நம்பினால்

பள்ளிக் கணக்கில் பெயர்க் குழப்பம் வந்தால் போவது அரை மணி நேரம். வெளியுலகில் இதனால் விளைவது பெரிது. பிறர் எழுதிய மாட்யூல்களை இணையத்தின் பொதுக் களஞ்சியங்களிலிருந்து இறக்கிக்கொள்வது இன்று எல்லா நிரலாளர்களின் வழக்கம். இங்கும் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறோம். பெரிய நிறுவனங்கள் தம் உள்வேலைக்கென்று தனிப்பட்ட மாட்யூல் தொகுப்புகளையும் எழுதி, வெளியே காட்டாமல் வைத்திருப்பது உண்டு.

அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதை வைத்து ஒரு சோதனை செய்தார். நிறுவனங்களின் உள்தொகுப்புகளுடைய பெயர்கள் சில வெளியே கசிந்திருந்தன. அதே பெயர்களில் தாமே தொகுப்புகளை எழுதிப் பொதுக் களஞ்சியங்களில் வைத்தார். அவை தீங்கு செய்பவை அல்ல; எங்கே ஓடுகிறோம் என்று அவருக்குச் செய்தி அனுப்புபவை மட்டுமே. என்ன நடந்தது தெரியுமா? 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணிப்பொறிகளில் அவருடைய தொகுப்பு ஓடிவிட்டது! உள்ளேயும் வெளியேயும் ஒரே பெயர் இருந்தபோது, நிறுவும் கருவிகள் வெளியே இருந்ததை எடுத்துக்கொண்டன. 2021 பிப்ரவரியில் அவர் இதை வெளியிட்டார். குறையைச் சுட்டிக்காட்டியதற்காக நிறுவனங்கள் அவருக்கு அளித்த பரிசுத்தொகை மொத்தம் 1,30,000 டாலருக்கும் மேல். இதே வழியைக் கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இது இம்போர்ட் ஆணையில் நடந்தது அன்று. அதற்கு முந்தின படியாகிய நிறுவுதலில் நடந்தது. ஆனால் அடிப்படை ஒன்றுதான். கணிப்பொறி பெயரைக் கொண்டு தேடுகிறது; முறைப்படி எது பொருந்துகிறதோ அதை எடுத்து ஓட்டுகிறது. அது யார் வைத்தது என்று பார்ப்பது மனிதரின் வேலை.

இந்த ஆபத்தை எண்ணியே, 2022 அக்டோபரில் வந்த பைத்தான் 3.11இல் ஒரு வசதி சேர்த்தார்கள். வேண்டுமானால், நிரல் இருக்கும் கோப்புறைக்குத் தேடும் பட்டியலில் தானாகக் கிடைக்கும் முதலிடத்தை நிறுத்திவிடலாம். நாம் கேட்டால்தான் இது நடக்கும். கேட்காவிட்டால் பழைய முறையே தொடரும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• உங்கள் கோப்புக்கு நூலக மாட்யூலின் பெயரை வைக்காதீர்கள். ‘ராண்டம் பயிற்சி’ என்ற பொருளில் ஒரு சொல் சேர்த்தாலும் போதும். தமிழ்ப் பெயர் வைத்தால் இன்னும் நல்லது.

• வந்தது எந்தக் கோப்பு என்று சந்தேகம் வந்தால் பைத்தானிடமே கேளுங்கள். பிரின்ட்(ராண்டம்.__ஃபைல்__) என்று எழுதினால், அந்த மாட்யூல் எந்தக் கோப்புறையிலிருந்து வந்தது என்று முழு முகவரியைக் காட்டும். பகடை நிரலில் இதை இரண்டாம் வரிக்குப் பின் சேர்த்துப் பாருங்கள்.

• இம்போர்ட் செய்தால் அக்கோப்பு ஓடும். ஆகையால் யார் எழுதியது என்று தெரியாத மாட்யூலை ‘சும்மா அழைத்துத்தான் பார்ப்போமே’ என்று அழைக்காதீர்கள்.

• நேரடியாக ஓட்டும்போது மட்டும் நடக்க வேண்டிய வரிகள் உங்கள் கோப்பில் இருந்தால், அவற்றை ‘இஃப் __நேம்__ == "__மெயின்__":’ என்ற நிபந்தனைக்குள் எழுதுங்கள். __நேம்__ என்பது மாட்யூலின் பெயர். வேறொருவர் அக்கோப்பை இம்போர்ட் செய்யும்போது அதன் பெயர் __மெயின்__ ஆக இராது. ஆகவே அவ்வரிகள் ஓடமாட்டா.

சிந்தித்துப் பாருங்கள்

1. மாணவி தன் கோப்புக்கு ‘ராண்டம்’ என்பதற்குப் பதில் ‘டைம்’ என்று பெயர் வைத்து, அதில் டைம் மாட்யூலை அழைத்திருந்தால் குழப்பம் நேர்ந்திருக்குமா? எந்த டைம் வந்திருக்கும்? ஏன்?

2. ஒரு கோப்பில் ‘இம்போர்ட் மாறிலி ஆஸ் அ’ என்றும், அடுத்த வரியில் ‘இம்போர்ட் மாறிலி ஆஸ் ஆ’ என்றும் எழுதுகிறோம். (‘ஆஸ்’ என்பது நாம் விரும்பும் வேறு பெயரை வைக்க உதவும் சொல்.) பிறகு அ.ஈர்ப்பு = 1.62 என்று மாற்றிவிட்டு ஆ.ஈர்ப்பு என்பதை அச்சிட்டால் எந்த எண் வரும்?

3. ‘வலம்’ என்ற கோப்பின் முதல் வரி ‘இம்போர்ட் இடம்’. ‘இடம்’ என்ற கோப்பின் முதல் வரி ‘இம்போர்ட் வலம்’. இரண்டிலும் அடுத்த வரி தன் பெயரை அச்சிடுகிறது. ‘வலம்’ கோப்பை நேரடியாக ஓட்டினால் எந்தெந்தப் பெயர்கள், எந்த வரிசையில், எத்தனை முறை அச்சாகும்?

விடைகளை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேடுதல், ஓட்டுதல், பெயரிடுதல் என்ற மூன்று வேலைகளையும் வரிசையாக நடத்திப் பார்த்தால் விடை தானே வரும். அதன் பிறகு கணிப்பொறியில் ஓட்டிச் சரிபாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சி. வேறாக இருந்தால், நீங்கள் நினைத்த வழிக்கும் பைத்தான் சென்ற வழிக்கும் எந்தப் படியில் வேறுபாடு வந்தது என்று தேடுங்கள்.